சிலை ஸ்டாப்

எங்கள் கம்பெனி பஸ் எங்கள் காலனி வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. முதலில் ஊருக்குள் பிள்ளையார் கோயில் எதிரே நின்று ஊர்க்காரர்களை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் ஏரிக்கரை வளைவில் திரும்பி, காலனி முனையில் கம்பிக் கூண்டுக்குள் விரல் நீட்டி நிற்கும் எங்கள் தலைவர் சிலையை உரசுகிற மாதிரி கடந்து, ஒரகடம் போகும் பெரிய சாலையைத் தொடுகிற கூட்டு ரோட்டில்தான் மறுபடி நிற்கும். காலனியிலிருந்து கூட்டு ரோட்டுக்கு நடக்க வேண்டும். தெருவிளக்கு பாதி எரியாது. குடோனுக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகள் ரோட்டை முழுதாக அடைத்துக்கொண்டு வரும். நாய்த் தொல்லை வேறு. காலை ஷிப்ட் என்றால் விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

இதற்காக எங்கள் ஜனம் கொதித்துப் போயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊர் ஸ்டாப்பில் போய் நின்றாலும் யாரும் அடித்து விரட்டப் போவதில்லை. காலம் மாறிவிட்டது என்பார்களே, அந்த அளவுக்கு மாறித்தான் இருக்கிறது. நாம் போய் நின்றால் அவர்கள் கொஞ்சம் தள்ளிப் போவார்கள். போனைப் பார்த்துக்கொண்டே, முகத்தில் வெயில் படுகிற மாதிரி, நகர்ந்துகொள்வார்கள். விடியாத நேரத்தில் என்ன வெயில்? அதைத் தினமும் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கூட்டு ரோட்டில் அந்தத் தொல்லை இல்லை. ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பெண்கள், ஒடிசாப் பையன்கள், சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லோரும் அங்கே கலந்து நிற்பார்கள். அங்கே ஏறினால் நீ கூட்டு ரோட்டுக்காரி, அவ்வளவுதான். எங்கிருந்து நடந்து வந்தாய் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு எங்களைத் தெரியும்தான், ஆனால் அவர்களில் எங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் ஆண்கள், வேறு பில்டிங்கில் வேலை, ஏறியதும் தூங்கிவிடுவார்கள். ஆகவே காலனி மொத்தமும் கூட்டு ரோட்டுக்குத்தான் நடந்தது. சிலையின் விரலும் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது. அவர் எதற்கோ காட்டினார், நாங்கள் பஸ் பிடிக்க ஓடினோம்.

நானும்தான் நடந்தேன், பல வருஷமாக. இத்தனைக்கும் நான் எழுதுகிறவள். ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. நான் எந்தத் தெருவில் பிறந்தவள் என்று பின்னட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. சென்னையில் கூட்டம் போட்டால் கூப்பிடுவார்கள், தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பேசியிருக்கிறேன். மேடையில் ஏறினால் என் குரல் கணீரென்று இருக்கும். கம்பெனியில் ஒருத்தர்கூட அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அது எனக்கு வருத்தம், என் தங்கைக்கு நிம்மதி.

தங்கை எனக்கு ரொம்பப் பிறகு பிறந்தவள். அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான் வளர்த்தோம். அவளும் என் கம்பெனிக்கே வந்தாள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. நான் ஒரு பில்டிங், அவள் ஒரு பில்டிங். ஷிப்டும் எங்களுக்கு மாறி மாறித்தான் விழும். முதல் வாரமே என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்த நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க்கு எல்லாம் மாட்டிக்கினா யார் யாருன்னே தெர்லக்கா. சூப்பர்வைசருக்கே தெர்ல. ஜாலியா கீது."

நான் சிரித்துவிட்டேன். வேலையில் முகம் தெரியாமல் இருப்பதை யாராவது ஜாலி என்பார்களா? அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவளுக்குச் சீக்கிரமே ஒரு கூட்டம் சேர்ந்தது. கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே சோறு, ஒரே சாம்பார். அதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெண்கள் வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் ஊறுகாய், தொக்கு, பருப்புப்பொடி என்று ஏதாவது கொண்டுவருவார்கள். அந்த டப்பா யார் யார் பக்கம் போகிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மா செய்யும் தக்காளித் தொக்கு பூண்டு தூக்கலாக, எண்ணெய் பிரிந்து, அப்படி ஒரு வாசனையாக இருக்கும். தங்கை தினமும் ஒரு டப்பா எடுத்துப் போவாள். அது சாயங்காலம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக வரும். "எல்லாரும் விரல நக்கிக்கினு துன்றாங்கம்மா," என்பாள். அம்மாவுக்கு முகம் பூரித்துப்போகும். தன் கையால் செய்ததை இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பது அவள் ஆயுசில் புதுசு. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போன வீடுகளில் அவள் சோறு வாங்கித்தான் தின்றிருக்கிறாள், அவள் கொடுத்து வாங்கித் தின்றவர் யாருமில்லை.

அந்தக் கூட்டத்தில் வேறு ஊர்க் காலனிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு ஏப்ரல் மாதம், தலைவர் பிறந்தநாளன்று, சிலைக்கு மாலை போடுகிற படத்தை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இடமில்லை. யாரும் திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. "அய்யோ, இங்க ஆள் வர்றாங்களே," என்று பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டார்கள். இதைத் தங்கைதான் எனக்குச் சொன்னாள். "நீ இன்னா செஞ்ச?" என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளும் தன் பையை எடுக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்வீட்டு அண்ணிக்கு அடிபட்டது. கூட்டு ரோட்டுக்கு நடந்து போகும்போது, திரும்புகிற ட்ரெய்லருக்கு ஒதுங்கப் போய், கால்வாய்க்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில்தான், காண்ட்ராக்ட் வேலை. படுக்கையில் இருக்கும்போதே வேலையும் போய்விட்டது. பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நம்ம வாசல் மேலதான போவுது அந்த வண்டி? ஒரு நிமிசம் நின்னா இன்னா கொறஞ்சுப்பூடும் அதுக்கு?"

இதை இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. காலனியில் எங்கள் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லோரையும் சிலையடியில் கூட்டினேன். "நம்ம தெருவுல வண்டி நிக்கணும். நான் போய் பேசறேன். எல்லாரும் இங்கயே ஏறுவீங்களா?" என்றேன். தலையாட்டினார்கள். தங்கையும் ஒரு ஓரமாக நின்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று படிக்கத் தெரியாத நான்தான் எழுத்தாளர்.

சண்டைக்குத் தயாராகப் போனேன். அட்மின் ஆபீசில் பஸ் விஷயம் பார்க்கிற சார் முன்னால் நின்று, ராத்திரி முழுக்க யோசித்து வைத்ததையெல்லாம் ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கையைக் காட்டினார். "இவ்ளோதானா மேடம்? ரூட்லதானே கீது. நாளன்னிக்கிலேருந்து நிக்கச் சொல்றேன். ஸ்டாப்புக்கு இன்னா பேர் போடட்டும்? காலனின்னு போட்டுக்கவா?"

"சிலை ஸ்டாப்னு போடுங்க சார்," என்றேன் பெருமையாக.

வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமுறை தலைமுறையாக நிற்காமல் போனது என் ஒரு வார்த்தைக்கு நிற்கப் போகிறது என்று தோன்றியது. இதைக் கதையாக எழுத வேண்டும் என்றும் நினைத்தேன், சொல்வதற்கென்ன.

அந்த வாரம் தங்கைக்கும் எனக்கும் ஒரே ஷிப்ட். பஸ் நிற்கிற முதல் நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் வீட்டில் இல்லை. முன்னாலேயே போய் நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சிலைக்கு வந்தேன். யாரும் இல்லை. சரி, வருவார்கள் என்று நின்றேன். பஸ் வளைவில் திரும்பி வெளிச்சம் அடித்தபடி வந்து, எங்கள் தெருவில் முதல் தடவையாக நின்றது. கதவு திறந்தது. ட்ரைவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா, இன்னும் ஆளுங்க கீறாங்கன்னாங்களே?"

"வருவாங்க. ஒரு நிமிசம்," என்றேன்.

வரவில்லை. ஏறினேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரம் அவர்களைப் பார்த்தேன். எங்கள் பெண்கள் அத்தனை பேரும், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, வரிசையாகக் கூட்டு ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பஸ் வெளிச்சம் பட்டதும் ஒருத்தரும் திரும்பவில்லை. ஆகக் கடைசியில் என் தங்கை. லாரி வந்ததால் பஸ் கொஞ்சம் வேகம் குறைந்து, நான் அவள் பக்கத்திலேயே போக வேண்டியதாயிற்று. அவள் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டு ரோட்டில் எல்லோரும் ஏறினார்கள். தங்கை அவள் சாப்பாட்டுக் கூட்டத்துத் தோழி ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தெற்கத்திப் பெண், நல்ல பெண். நின்றுகொண்டிருக்கிற யாருக்கும் எழுந்து இடம் கொடுக்கிற பெண்.

ஒரு நாள் கூச்சம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டேன். ஒருத்திக்குப் பால் வாங்க அந்தப் பக்கம் போக வேண்டுமாம். ஒருத்திக்கு நடந்தால் உடம்பு இளைக்குமாம். ஏறுவதைவிடத் திரும்பி வரும்போது இறங்குவதுதான் பெரிய கொடுமை. கூட்டு ரோட்டில் எங்கள் ஆட்கள் எல்லோரும் இறங்கி இருட்டில் நடக்கத் தொடங்குவார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். சிலை வந்ததும் ட்ரைவர் சத்தமாகக் கத்துவார்: "சிலை! சிலை ஸ்டாப் எறங்கறவங்கோ!" அவர் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை, எல்லா ஸ்டாப்பையும் அப்படித்தான் கத்துகிறார். ஆனால் தூங்கிக்கொண்டிருந்த ஊர் ஆட்கள்கூடக் கண்ணைத் திறந்து நான் இறங்குவதைப் பார்ப்பார்கள். படியிலிருந்து இறங்குவதற்குள் என் முதுகு எரியும். மேடையில் மணிக்கணக்காகப் பேசியவளுக்கு இரண்டு படி இறங்க முடியவில்லை.

தங்கை வீட்டில் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தொக்கு டப்பா பாதி மிச்சத்தோடு வர ஆரம்பித்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. யாரோ கவனித்திருக்கிறார்கள். ஒருநாள் டப்பா கொண்டுபோன மாதிரியே திரும்பி வந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "பூண்டு கருகிப்பூச்சா, இன்னா?" என்றாள். தங்கை உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"நாம இன்னா திருடினோமா? இன்னாத்துக்குடி பயப்படற?" என்றேன்.

அவள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஒனக்கு இன்னாக்கா. நீ இதச் சொன்னா கை தட்றாங்கோ. மால போடறாங்கோ. நான் சொன்னா டப்பா திரும்பி வருது. ஒனக்கு அந்த ஸ்டாப்பு ஒரு கத. எனக்கு அந்த எட்டு மணி நேரம்தான் நிம்மதியா கீது. அந்தக் கோட்ட மாட்டிக்கினா நான் யாரும் இல்ல. யாரும் இல்லாம இருக்கறது எவ்ளோ நல்லா கீது தெர்மா ஒனக்கு? அத்த ஏங்கா புடுங்கற?"

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் மடக்கிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இவளிடம் தலை நிமிர்ந்து நில் என்று சொல்லலாம். நிமிர்ந்து நின்றால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யார் வருவார்கள் என்று அவள் கேட்டால், என் புத்தகத்தையா எடுத்து மேசையில் வைப்பேன்?

அந்தக் கோபத்தில்தான் அந்தக் கதையை எழுதினேன். பஸ் நிற்கிறது, யாரும் ஏறவில்லை என்று முடித்திருந்தேன். பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர், என் கதைகளை முதலில் போட்டவரே அவர்தான்.

"கதை பிரமாதம் தோழர். முடிவு மட்டும் கொஞ்சம் பாருங்க. எல்லாப் பெண்களும் சேர்ந்து அந்த ஸ்டாப்ல ஏறுற மாதிரி வெச்சா ஒரு எழுச்சி வரும். வாசகருக்கு ஒரு நம்பிக்கை வேணாமா?"

"எனக்கே வேணும் தோழர். எங்க கிடைக்குதுன்னு சொல்லுங்க, போய் க்யூல நிக்கிறேன்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கதை இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. இதையும் யார் பெயரும் போடாமல்தான் எழுதுகிறேன். தங்கை என்னிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

மழைக்காலம் தொடங்கும்போது பஸ் சார் கூப்பிட்டனுப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ஒரு ஆளுக்காக வண்டி நிக்கறதுல டைமிங் அடிபடுது. வேற யாரும் ஏறலன்னு ட்ரைவர் சொல்றாரு. நீங்களும் மத்தவங்க மாதிரி கூட்டு ரோட்டுலயே ஏறிக்கறீங்களா?" அவர் குரலில் கேலி இல்லை, வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் அந்த மேசையைத் தட்டி நாலு கேள்வி கேட்டிருப்பேன். எதிரே ஆள் இருந்தால்தானே சண்டை. அவர் நிறுத்தினார், நாங்கள்தான் ஏறவில்லை. "சரி சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது பாத்ரூமில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அண்ணியின் முகம் கண்ணில் வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை.

மறுநாள் நல்ல மழை. அந்த வாரமும் எங்களுக்கு ஒரே ஷிப்ட். எங்கள் வீட்டில் ஒரே குடை, அதைத் தங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கூட்டு ரோட்டுக்கு நடந்தேன். அங்கே கடை எதுவும் திறக்கவில்லை, ஒதுங்க இடமில்லை. தங்கையும் தோழியும் எங்கள் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் தள்ளி நின்றேன். ஊர்க்காரர்கள் எங்களிடமிருந்து நகர்வார்களே, அந்த அளவுதான் நானும் என் தங்கையிடமிருந்து தள்ளி நின்றேன்.

தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தபடி கேட்டாள்: "யக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சிலை ஸ்டாப்புல ஏறுவியள்லா, நீங்க இவளுக்கு அக்காவா? மூக்கு அப்படியே இருக்கு. இவகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டுக்கா."

தங்கை என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நான் தலை வாரிவிட்ட பிள்ளை.

"இல்லம்மா," என்றேன். "ஒரே பஸ்ல போறோம், அவ்ளோதான்."

"அதான பார்த்தேன்," என்று தோழி தங்கையின் தோளில் தட்டினாள். "கேன்டீன்ல இவளுவ சும்மா கண்டதையும் பேசிக்கிட்டு கெடக்காளுவ."

தங்கையின் முகம் தெளிந்தது. அத்தனை வாரத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். குடையை என் பக்கம் சாய்த்து, "நனையறீங்களேக்கா, உள்ள வாங்க," என்றாள். அடுத்த தெருப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாள். மறுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேரும் ஒரே குடைக்குள் நின்றோம். பஸ் வந்ததும் அவர்கள் இருவரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள், நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் தொக்கு டப்பா துடைத்துவிட்ட மாதிரி காலியாக வந்தது. அம்மா அதைத் திறந்து, கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. என்னைத்தான் கேட்டாள், தங்கை முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மறுபடியும் எல்லாருக்கும் புடிச்சுப் போச்சாமா?"

"புடிச்சுதாம்மா," என்றேன்.

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேத்து வெக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அம்மா பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேன்.